மண்மேட்டுக்கு எதிரே

சாலையோரம் படம் வரைய உட்கார்ந்தேன். வெட்டிப் போட்டிருந்த மண்ணில் தூறல் விழுந்து எழுந்த வாசனை, என்னை அறுபதுகளின் நெய்வேலிக்கு இழுத்துப்போனது.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண் மலைபோல் நின்றது. மழை விட்டதும் அது காவியும் மஞ்சளும் ஊதாவுமாக மாறும். நான் வாசலுக்கு வெளியே முக்காலி போட்டு அதை வரைவேன்.

ஒருநாள் அம்மா வந்து நின்றாள். “வயசுக்கு வந்த பொண்ணு தெருவுல குந்திக்கினு என்னாடி படம்? உள்ள வந்து காலண்டர் லட்சுமியப் பார்த்து வரை.”

“லட்சுமி எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேடு மழைக்கு மழை மாறுதும்மா.”

அம்மா தாளைப் பிடுங்கிக் கிழித்தாள். நான் எழுந்திருக்காமல் இன்னொரு தாளை எடுத்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

“எல்லாரும் பாக்குறாங்கடி” என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

“பாக்கட்டும். நானுந்தான் பாத்துக்கினு இருக்கேன்.”

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தேன். அதன் பிறகு அவள் தாளைக் கிழிக்கவில்லை.

இப்போது தூறல் வலுக்கிறது. “போதும், வாம்மா” என்று காரிலிருந்து மகன் கூப்பிடுகிறான். நான் குடையை விரித்து வைத்துவிட்டு, வானத்துக்குச் சாம்பல் நிறத்தைக் குழைக்கிறேன்.