ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எந்தக் கண்ணாடி?

காற்றைத் தடுக்கும் பொருளை விற்கும் தொழிலில் ஒரு சங்கடம்: வாங்க வருகிற ஒவ்வொருவரும் காற்றைப் பற்றி வீட்டிலேயே ஒரு முடிவு எடுத்துவிட்டுத்தான் வருவார்.

வடசேரியில் பைக் உதிரிபாகக் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறேன். வண்டியின் முன்னால் மாட்டும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, அதாவது விண்ட்ஷீல்டு, என் பொறுப்பு. பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான் என்பதால், என் வேலை போனால் அது என் வேலை மட்டுமல்ல. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் என் இனத்தாரே, நீங்களாவது புரிந்துகொள்வீர்கள்.

போகும்போது சொர்க்கம்

இது நான் நேரில் பார்த்ததல்ல. நான் சேருவதற்கு முன்பு நடந்தது. எங்கள் ஃபிட்டர் செல்வம் அண்ணன் சொல்லித்தான் தெரியும். வள்ளியூர்க்காரர் ஒருவர் ஆடி மாதத்தில் வந்து கடையிலேயே நெட்டையான கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். காற்றே தெரியவில்லை, சத்தமே இல்லை, வண்டி மிதந்து போனது என்று ஒரே புகழ்ச்சி. முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடை முழுவதும் கேட்க வைத்தாராம்.

மறுநாள் காலையில் அதே ஆள் கடை வாசலில் நின்றார். கண் சிவந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ராத்திரியோடு கண்ணாடி கெட்டுப்போய்விட்டது என்று சத்தம் போட்டார். ஆடிக் காற்று நம் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. வள்ளியூருக்குப் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போதுதான் முகத்துக்கு நேரே நிற்கும். இது புரிந்தும் முதலாளி திருந்தவில்லை. கிழக்கே போகிற வாடிக்கையாளர்கள்மேல் அவருக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. செல்வம் அண்ணன் மட்டும் அந்த வள்ளியூர்க்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்:

“போவும்போ காத்து ஒங்க கூடயில்லா வந்துச்சு அண்ணாச்சி, அதுல கண்ணாடிக்கு என்ன சோலி?”

நெட்டைக்குக் குட்டை

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆறடிக்குக் குறையாது. அவனுடைய சிநேகிதன், எங்கள் பேச்சில் கூட்டுக்காரன், வைத்திருக்கிற அதே உயரக் கண்ணாடிதான் வேண்டும் என்றான். கூட்டுக்காரன் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். தன் தோளைக் காட்டினான்.

ஹெல்மெட்டைப் போட்டு வண்டியில் உட்காரச் சொல்லி விளக்கினேன். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டுகிற காற்று சுருண்டு விழும். அந்தச் சுருள் தலைக்கு மேலே போய்விட்டால் நிம்மதி. நெஞ்சோடு நின்றாலும் பரவாயில்லை. ஹெல்மெட்டுக்கு நேரான, சுத்தமான காற்று கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில், சரியாக ஹெல்மெட்டில் வந்து மோதினால்தான் தலை கிடுகிடுவென்று ஆடும், காதுக்குள் இரைச்சல் புகும். கூட்டுக்காரனின் தலைக்கு மேலே போகிற காற்று இவன் காதிலே வந்து விழும். கண்ணாடியை வண்டிக்கு அளவெடுத்து வாங்கினால் போதாது. ஆளுக்கும் அளவெடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தேன். முதலாளி தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“குட்டையா இருக்கவனுக்கு நெட்டை, நெட்டையா இருக்க எனக்குக் குட்டை. நல்லா இருக்குக்கா ஒங்க நியாயம்!”

பின்சீட்டுக்காரி

திற்பரப்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கண்ணாடி வாங்கிய புதிதில் இருந்தே தலை ஆடுகிறது என்றார் கணவர். சுருள் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ஆளில்லாத நேர் ரோட்டில் மெதுவாகப் போய், விளிம்புக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கை உதறுகிற இடம்தான் சுருள். ஓட்டுகிறவர் ஹேண்டிலை விட வேண்டாம், பின்னால் இருப்பவர் நீட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஆளில்லாத ரோடு என்று நான் சொன்னதை மட்டும் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

வடசேரிச் சந்தை முன்னாலேயே அந்தம்மா புருஷன் தலைக்கு மேல் கையை விரித்தபடி போயிருக்கிறார். காய்கறிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். ஆனால் வேலை நடந்தது. புருஷன் நெற்றிக்கு நேரே கை லேசாக உதறியது. அவருக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான சீட்டில் இருந்த அந்தம்மாவின் முகத்துக்கு நேரேதான் பலமாக உதறியது. இத்தனை நாள் அந்தம்மா வாய் திறக்காமல் வந்திருக்கிறார். இறங்கியதும் புருஷனைப் பார்த்துக் கேட்டார்:

“அப்பம் கண்ணாடி ஒங்களுக்கு, அடி எனக்காக்கும்?”

டிகிரிக்கு ஒரு வேலை

அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் விற்கவில்லை. அதற்கு முந்தைய நாளும் ஒருவரிடம், உங்கள் சத்தத்துக்குக் காரணம் ஹெல்மெட் தளர்வாக இருப்பது, கண்ணாடி வேண்டாம் என்று அனுப்பியிருந்தேன். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். இனி ஒருத்தரை வெறுங்கையோடு அனுப்பினால் மறுநாள் நான் வர வேண்டியதில்லை என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “தெரிஞ்சுக்கிட்டே காதுக்குக் கேடு வாறதை விக்க முடியாது சார். பொய் சொல்லி விக்கதுக்கு எனக்கு டிகிரி எதுக்கு?” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான்தான் என்று தெரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். முதலாளி பில் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்:

“ஏட்டி, டிகிரி படிச்சவ பொய்யை இன்னும் திருத்தமால்லா சொல்லணும்!”

தேங்காய்ப்பட்டணத்து அண்ணன்

மறுநாளும் போனேன். வர வேண்டாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. அன்று தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர் பெரிய பைக்கில் வந்தார். கல்ஃபிலிருந்து திரும்பி ஜவுளி வியாபாரம் செய்கிறவர். வாராவாரம் திருநெல்வேலிக்கு வண்டியிலேயே போய்வருவார். வேறெங்கோ மாட்டிய உயரக் கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. திரும்பி வந்தால் ராத்திரி முழுக்கக் காதுக்குள் விசில் அடிக்கிறது, இதைவிட உயரமானது வேண்டும் என்றார். முதலாளி அதற்குள் இருப்பதிலேயே பெரியதைக் கையில் எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அவரை வண்டியில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். இப்போதுள்ளதன் சுருள் அவர் காதில் விழுந்தது. முதலாளி கையில் இருந்ததை மாட்டினாலும் அது அவர் தலையைத் தாண்டாது. காதில் விழுவது நெற்றியில் விழும், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும்.

“இது வேண்டாம்ணே. முதல்ல காது டாக்டரைப் பாருங்க, அது எனக்குத் தெரியாத விஷயம். இப்பம் இருக்கதையும் கழத்திட்டு ஆரல்வாய்மொழி வரைக்கும் போங்க. போவும்போது ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. திரும்பி வந்து சொல்லுங்க” என்றேன்.

முதலாளி துடைப்பதை நிறுத்தினார். செல்வம் அண்ணன் யாரையும் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்து அவர் வண்டியின் கண்ணாடியைக் கழற்றினார். வண்டி கிளம்பிப் போனதும் நான் என் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். போகச் சொன்னால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

அவர் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து போயிருந்தது. “மோளே, காத்து நெஞ்சுல சவுட்டிப் போட்டு” என்று மிதிபட்டவரைப் போல நெஞ்சைத் தடவினார். முதலாளி முகம் மலர்ந்தது. “ஆனா தலை ஆடல. காதுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. நீ பையப் பேசினாலும் கேக்குவு.” கழற்றிய கண்ணாடியை ஒரு சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டார். காதில் வைக்கும் அடைப்பான் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அது எங்கள் கடையில் இல்லை, எதிரே மருந்துக்கடையில் இருக்கிறது என்று அதையும் சொன்னேன். ஒன்றும் வாங்காமல் போனார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி அந்தப் பெரிய கண்ணாடியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“பையக் கீழ வை. அந்த ஆளு தேங்காய்ப்பட்டணம் முழுக்கச் சொல்லுவான், வாறவனுக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும், நாளைக்குச் சீக்கிரம் வந்திரு.”

தேங்காய்ப்பட்டணத்துக்காரர் சொன்னதை மட்டும் நம்பி அடுத்தவருக்குச் சொல்ல மனம் வராமல், அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் அண்ணனின் பைக்கை இரவல் வாங்கிக் கண்ணாடி இல்லாமல் ஆரல்வாய்மொழி வரைக்கும் நானே போய்வந்து சரிபார்த்தேன்: திரும்பி வரும்போதும் காதில் இரைச்சல் குறைந்தது உண்மை, தோவாளை தாண்டியதும் கழுத்தில் ஒரு வண்டு கல்லைப் போல வந்து அடித்ததும் உண்மை, இரண்டையும் சொல்லித்தான் இப்போது விற்கிறேன்.