எரிந்த மனையில் ஒரு பலகை

போன வாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஓர் உத்தரவு. ஏதாவது ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். நான் கண்ட வெளிநாடு கொழும்பு ஒன்றுதான். அதிலும் கப்பலில் வாந்தி எடுத்த ஞாபகம்தான் அதிகம்... என்ன செய்வது?

நேரே தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு நடையைக் கட்டினேன். விளாத்திகுளத்துக் கரிசல் பஞ்சு நம் துறைமுகத்தில் ஏறி ஜப்பான் மில்லுக்குப் போன காலத்தில், பஞ்சு ஏஜெண்டாக ஹிமேஜி என்ற ஊருக்குப் போனவர். அங்கேயே வீடும் ஆபீசும் வைத்திருந்தார். உலகச் சண்டை மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி செல்லக்கனி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"ஊருக்கு நடுவுல ஒரு கோட்டை, வே. அப்பிடி ஒரு வெள்ளை. பழைய பிரபுக்க கெட்டுனது. சுத்தி அகழி. அதைத் தாண்டுனா மீன்காரன் தெரு, எண்ணெய்க்காரன் தெருன்னு தொழிலுக்கு ஒரு தெரு. பொறவு ரயில் வந்துச்சு, மில்லு வந்துச்சு. சண்டையில, குண்டு போடுத ஏரோப்ளேனுக்கு வெள்ளை தெரியும்னு கோட்டைக்குக் கறுப்பு வலையைப் போத்திட்டானுவ."

"கோட்டைக்கு வலையா?" என்றேன். கடற்கரைக்காரன் வேறு என்ன கேட்பான்?

"ஆமா. குண்டு விழுந்து ஊரு எரிஞ்சு போச்சு, கோட்டை நிக்கி. பாத்தா, அவனவன் எரிஞ்ச மனையில ஒரு பலகையை நட்டிருக்கான். நாங்க உசுரோட இருக்கோம், இன்ன எடத்துல இருக்கோம்னு. தேடி வாரவங்களுக்காக. நானும் நட்டேன். தங்கராஜ், தூத்துக்குடின்னு."

இப்போது ரயிலடியிலிருந்து கோட்டை வரை அகலமான ரோடு போடப் போகிறார்களாம். அண்ணாச்சியின் மனை அதில் போகிறது. ஆள் நேரில் வந்து நின்றால்தான் மாற்று மனை என்று அங்குள்ள சிநேகிதர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அலைந்து திரிந்து பயண பெர்மிட்டும் வாங்கிவிட்டார் அண்ணாச்சி. சனிக்கிழமை கொழும்புக் கப்பல், அங்கிருந்து ஜப்பான்.

'வளப்பு முத்தை வித்து நம்ம முத்துக்குளிப்பைக் கெடுத்தவன் ஊருக்கா போறீரு?' என்று கடைத்தெருவில் கேலி வேறு. அண்ணாச்சி அசைகிற மாதிரி இல்லை.

"முத்தை அவன் வளத்துக்கிடட்டும். நான் போறது மனைக்கும் பஞ்சுக்கும்" என்றார்.

ஊர் என்றால் என்ன? கட்டடமா? எரிந்த மனைக்குத் திரும்பி வர ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அது ஊர்தான் என்று எனக்குத் தோன்றியது. இதைச் சொல்லவும் வாயெடுத்தேன்...

செல்லக்கனி முந்திக்கொண்டார்.

"அங்க பலகை நட்டீங்க. இங்க எனக்கு யாரு நட்டா?"

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். சண்டைக் காலம் முழுக்க அந்த அம்மாளுக்கு ஒரு தகவல் கிடையாது. கப்பல் வந்த போதெல்லாம் ஜெட்டிக்குப் போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். தாலியைக் கழற்றச் சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. அவர் கழற்றவில்லை. இந்தப் பயணத்துக்கும் இதுவரை சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "சரி ஏளா. நான் போகல" என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போனார். அவ்வளவுதான், பயணம் முடிந்தது என்று நினைத்தேன். பரிதாபமாக இருந்தது. எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு ஜாடி. வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே நம் உப்பளத்து உப்பு, கூட ஒரு மஞ்சள் கிழங்கு.

"புதுமனைக்கு மொதல்ல உப்புதான் போகணும். எடுத்துட்டுப் போங்க. போறதுக்கு முன்னால என் பேருக்கும் ஒரு பெர்மிட் எழுதிப் போடணும். அடுப்பு நான் வந்துதான் பத்த வைப்பேன்."

அண்ணாச்சி ஜாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாள் அதைக் கவனிக்காதவர் போல, காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"இந்தத் தடவை பலகையில என் பேரும் இருக்கணும்."

ஆசிரியர் கவனத்துக்கு — ஹிமேஜியின் ஜனத்தொகையைப் போடுவதாக இருந்தால், இரண்டைக் கூட்டிப் போடவும்.