சேலையும் வேட்டியும் போட்டு அளந்த ரோடு

பெங்களூருக்குத் தெற்கே, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வழியில், அப்போது ஒரு சின்ன நகரசபை இருந்தது. பிற்பாடு அது பெரிய ஊரோடு சேர்ந்துவிட்டது. தொண்ணூறுகளின் பின்பாதியில் அங்கே எழும்பிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் முதல் ஆளாகப் போய் நின்றவன் நான். இன்ஜினியர் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. அளக்கிற டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கிறவன், தினக்கூலி. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் போய்ப் பிடிக்காமல் அந்த ஊரில் சட்டப்படி ஒரு செங்கல் ஏறியதில்லை.

வேலை இப்படி நடக்கும். கட்டடம் கட்டுகிறவர் பிளானைக் கொண்டுவந்து கொடுப்பார். குமாஸ்தா முத்திரை குத்தி ஃபைல் போடுவார். ஜூனியர் இன்ஜினியரும் நானும் நகரசபையின் ஒரே ஜீப்பில் மனைக்குப் போவோம். மனையின் நீளம் அகலம், பக்கத்துச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எதிரே ரோடு எத்தனை அடி என்று அளந்து, பிளானில் போட்டிருப்பது உண்மையா என்று பார்ப்போம். ரோட்டு அகலத்தை வைத்துத்தான் எத்தனை மாடி என்பது முடிவாகும். பெரிய கட்டடமென்றால் அதோடு விடமாட்டோம். மனையில் நோட்டீஸ் ஒட்டுவோம். தெருக்காரர்கள் ஆட்சேபம் எழுதித் தரலாம். ஒரு வியாழக்கிழமை கமிஷனர் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்பார். பெரிய ஊர்க்காரர்கள் எங்கள் ஆபீசைப் பார்த்து இளக்காரமாகப் பேசுவார்கள். இருக்கட்டும். இஸ்திரி வண்டிக்காரியும் பில்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசின இடம் அது.

எங்கள் டேப் துணி டேப். ஒரு நாள் ரோட்டில் விரித்துவைத்திருந்தபோது லாரி ஏறி, முதல் ஒரு அடி பிய்ந்துபோனது. புது டேப் கேட்டு எழுதிப் போட்டோம், ஆறு மாதமாக வரவில்லை. அதுவரைக்கும் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான் 'ஒன்று' என்று போட்டிருக்கிற கோட்டைச் சுவரில் வைத்துப் பிடிப்பேன். பிடித்ததும் "ஒன்னு!" என்று கத்துவேன். அந்த முனையில் இன்ஜினியர் "கழிச்சாச்சு!" என்று பதில் கொடுத்து, ஒரு அடியைக் கழித்து எழுதுவார். நான் கத்தினால் நாலு வீடு தள்ளி நாய் எழுந்து உட்காரும்.

அந்த வருடம் தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயர் ஏழாவது. குமாஸ்தாவே காட்டினார். கமிஷனர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான், ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து முழுக்க என் மனைவி சொல்லி முடித்துவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து "உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவள் அவள்.

இன்ஜினியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார், என்னை அண்ணா என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒரு காலை நாங்கள் நான்கு மாடி அபார்ட்மென்ட் ஒன்றுக்காக இடம் பார்க்கப் போயிருந்தோம். அளக்குமுன் பில்டரின் ஆட்களோடு டீக்கடையில் நின்றோம். நான் இரண்டாவது டீ கேட்டேன். உடனே அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நம்ம அண்ணாவுக்கு என்ன பெரிய வேலை? சுவத்துல ஒரு ஆணி அடிச்சா அதே டேப்ப புடிச்சுக்கும். ஆணி டீ கேக்காது பாருங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம், பிறவிக் குணம். டீயை அப்படியே வைத்துவிட்டேன். சரி, ஆணிதானே, ஆணிக்கு வாய் ஏது என்று முடிவுகட்டிவிட்டேன். அன்று முழுக்க டேப்பைப் பிடித்தேன், வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கழிக்கத் தெரியாதா என்று ஒரு வீம்பு. அவரும் பில்டரின் ஆளோடு பேசிக்கொண்டே பார்த்ததை எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் கோபம் ஆறியது, மறுபடி அண்ணா தம்பி ஆகிவிட்டோம். அந்த ரோட்டை நான் சுத்தமாக மறந்தே போனேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆட்சேபம் எழுதியிருந்தது ஒரே ஒரு பெண்மணி. அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவள். ஐம்பது வயதிருக்கும், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கையில் ஒரு துணி மூட்டை. நான் வழக்கம்போல ஃபைல்களோடு கதவோரம் நின்றிருந்தேன்.

"நாப்பது வீடு வருதும்மா. உனக்குத்தானே துணி ஜாஸ்தி வரும்?" என்று இன்ஜினியர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"துணி வரும் சார். நாப்பது காரும் வருமில்ல? வண்டிய எங்க நிறுத்துவேன்? ரோடு எங்க இருக்குது?"

"முப்பது அடி ரோடும்மா. நாலு மாடிக்கு முப்பது அடி இருந்தாப் போதும். ரூல் இருக்கு."

"முப்பது இல்ல. இருபத்தொம்போது."

கமிஷனர் நிமிர்ந்து பார்த்தார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார்.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். ஒரு சேலை, ஒரு வேட்டி. "சேலை பதினெட்டு அடி. எட்டு முழ வேட்டி பன்னெண்டு அடி. இருபது வருசமா மடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? விடிகாலையில வண்டி வாகனம் வரதுக்கு முந்தி ரெண்டையும் ரோட்டுக்குக் குறுக்க விரிச்சோம். வேட்டி எதிர்ச் சுவத்துல ஒரு அடி ஏறி நின்னுச்சு ஸ்வாமி."

அறையே சிரித்தது. பில்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்ஜினியர், "துணி சுருங்கும்மா, நீளும். இது சர்க்கார் டேப்," என்றார். அதற்கும் சிரிப்பு.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு அடி. முக்கால் இல்லை, ஒன்றரை இல்லை, சரியாக ஒரு அடி. டீக்கடையும் ஆணியும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. அவள் சேலையில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் வாயில். அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பட்டியல் அதே கமிஷனரின் மேஜை டிராயரில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் நிற்கத்தான் முதலில் நினைத்தேன்.

அவள் யாரையும் பார்க்காமல் சேலையை மடித்தாள். அத்தனை சிரிப்புக்கு நடுவிலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒழுங்காக மடித்தாள். "நான் பொய் சொல்லல," என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தம்மா சொல்றதுதான் சரி," என்றேன். பிறந்ததிலிருந்து கன்னடம் பேசுகிறவன், அன்று தமிழ்தான் வந்தது. "டேப்புல முத ஒரு அடி கெடையாது சார். ஒன்னுல புடிச்சா நான் கத்தணும், சார் கழிப்பாரு. அன்னைக்கு நான் கத்தல."

"யாக்கே?" என்றார் கமிஷனர். ஏன் என்று.

"இன்ஜினியர் சார் மேல கோவம். அதனால வாயத் தொறக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஜினியரின் முகம் வெளுத்தது.  கமிஷனர் ஃபைலை மூடிவிட்டு, "நடங்க, ரோட்டுக்குப் போவோம்," என்றார். கமிஷனரே எழுந்து அளக்கப் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பில்டரிடமே புது ஸ்டீல் டேப் ஒன்று இருந்தது. கமிஷனர் அதை வாங்கி, பூஜ்ய முனையை இன்ஜினியர் கையில் கொடுத்தார். மறுமுனையை என்னிடம் நீட்டி, நீ படி என்றார். அந்த உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் எண்ணைப் படித்ததே இல்லை. இன்ஜினியர் குனிந்து சுவரடியில் பிடித்தார். நான் இழுத்து, விறைப்பாக்கி, இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். தெருவே கூடியிருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன், கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை: "இருபத்தொம்போது அடி, ரெண்டு அங்குலம்!"

இஸ்திரி வண்டிக்காரி பக்கத்தில் வந்து டேப்பைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு அங்குலம் எனக்குத் தப்பிப்போச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் நெஞ்சு அன்று எப்படி விம்மியது என்று எழுதினால் தற்பெருமை என்பார்கள். தற்பெருமைதான். யார் இல்லை என்றார்கள்?

பிளான் திரும்பிப் போனது. மூன்று மாடிக்கு மாற்றி வரைந்துகொண்டு வந்தார்கள், அதற்கு அனுமதி கொடுத்தோம். ஆறு மாதம் வராத புது டேப் இரண்டே நாளில் வந்தது. இன்ஜினியருக்கு எச்சரிக்கை, எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. குமாஸ்தா நல்ல மனதோடு, "கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு எழுதுப்பா. கோவம்னு யாராவது சர்க்கார் ஃபைல்ல எழுதுவாங்களா?" என்றார். கவனம் எனக்கு எந்தக் காலத்தில் குறைந்தது? கோபத்தில் இருந்தேன், கத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்ஜினியர் அதைப் படித்தார். மறுநாள் டீக்கடையில் எனக்கு இரண்டு டீ சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். ஏழாவதில் வேறு பெயர். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு தடவை படித்தேன். மெமோ நிலுவையில் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாதாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "நீ கத்தலன்னு அந்த ரூம்ல வேற யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"நீ சொல்லாம இருந்தா?"

"தெரிஞ்சே இருக்காது."

தலையில் அடித்துக்கொண்டாள். "தொறக்க வேண்டிய அன்னைக்கு மூடிக்கின. மூட வேண்டிய அன்னைக்குத் தொறந்துட்ட. உன்ன கட்டிக்கினு நான் படற பாடு."  அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தட்டை மூடிவைத்தேன். ரோட்டில் நின்று கத்தினபோது இருந்த திமிரெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

காலையில் சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அவள் குடத்தோடு போனாள். நான் கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டது காதில் விழுந்தது. "என்னக்கா, லிஸ்ட்டு வந்துச்சாமே. உங்க வீட்டுக்காரு பேரு இருக்குதா?"

எனக்குக் கூசியது. எப்போதும்போல் பேச்சை மாற்றுவாள் என்று நினைத்தேன். குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சந்து முழுக்கக் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்.

"இல்ல. ரோட்ட சரியா அளந்து குடுத்துட்டாரு. அதான் இல்ல."