பாலத்தின் நடுவே ஒரு கழுதைக்குட்டி

ஆரோக்கியசாமி அங்கிள் இன்று காலை போய்விட்டார்.

ஓசூரில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர். கீழே அவரும் ஆன்ட்டியும், மேலே நான். அனிமேஷன் படங்களுக்கும் சீரிஸ்களுக்கும் விமர்சனம் எழுதும் இந்தப் பக்கம் என்னுடையது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கம்பெனியில்கூட யாருக்கும் தெரியாது.

நானாகச் சொல்லவில்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவளைப் படியில் நிறுத்திக் கேட்டார். "ஏம்மா, வீட்ல கொழந்தையும் இல்ல. தெனம் பொம்மப் படம் ஓடுது. யாருக்கு?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் படித்தார். லைக், கமென்ட் எதுவும் கிடையாது. மோட்டார் போட நான் கீழே வரும்போது பிடித்துக்கொள்வார்.

"நேத்து எழுதினியே, அந்த ரோபோ படம். முடிவ சொல்லிட்டியே! இனிமே அத நான் எதுக்குப் பாக்கறது?"

"மேலேயே ஸ்பாய்லர்னு போட்டிருந்தேனே அங்கிள்..."

"போட்டா? வெஷம்னு சீட்டு ஒட்டிட்டு சோத்துல கலந்து குடுப்பியா?"

அதற்குப் பிறகு எந்தப் படத்தின் முடிவையும் நான் எழுதியதில்லை. உங்களில் சிலர் காரணம் கேட்டிருக்கிறீர்கள்... இதுதான்.

முடிவுகளில் அவருக்கு அப்படி என்ன அக்கறை என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில், இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்ப் படம் காட்டும் வண்டி ஒன்றில் அவர் ஆபரேட்டர். மெயின் படத்துக்கு முன்னால் பத்து நிமிட வெளிநாட்டுப் பொம்மைப் படம் ஒன்று போடுவார்கள். வசனமே கிடையாது. அம்மாவைத் தொலைத்த ஒரு கழுதைக்குட்டி, தேடிக்கொண்டே போகும்.

முதல் தடவை ஓட்டும்போதே, சிங்காரப்பேட்டையில், ரீல் சிக்கி அறுந்துவிட்டது. கூட்டம் கத்துகிறது. கசங்கிப்போன துண்டை அவசரமாக வெட்டி எறிந்துவிட்டு, நேராக மெயின் படத்தைப் போட்டுவிட்டார். அடுத்த ஊரில்தான் தெரிந்தது, எறிந்தது படத்தின் முடிவை. குட்டி ஒரு பாலத்தின் நடுவே வந்து நிற்கும். அவ்வளவுதான்... திரை வெள்ளை.

மேலதிகாரிக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மைக்கை எடுத்து மிச்சக் கதையை அவரே சொல்லிவிடுவார். தமிழில் சொன்னால் குட்டி அம்மாவிடம் போய்ச் சேரும். உத்தனப்பள்ளிப் பக்கம் தெலுங்கில் சொன்னபோது, ஒரு விவசாயி அதை ஓட்டிக்கொண்டு போய் வளர்த்தார். கன்னடத்தில் அம்மாவே எதிர்க்கரையிலிருந்து வந்தது.

ஒரு நாள் சந்தையில் இரண்டு ஊர்க்காரர்கள் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு இவரிடமே வந்துவிட்டார்களாம். "யோவ் ஆப்பரேட்டரு, கழுத அம்மாகிட்ட போச்சா இல்லியா? இவன் வேற மாதிரி சொல்றான்!"

"நான் என்ன பண்றது? அது வேற கழுதப்பான்னு சொல்லிட்டேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சொன்னார்.

"ஐம்பது வருசத்துக்கு மேல ஆச்சும்மா. நான் வெட்டிப் போட்டது என்னன்னு மட்டும் ஒரு தடவ பாத்துடணும்."

படத்தின் பெயர் தெரியாது, எந்த நாடு என்று தெரியாது. கழுதைக்குட்டி, கழுத்தில் சிவப்பு மணி, பாலம்... இதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தேடினேன். போன வாரம், பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தளத்தில் கிடைத்தது. சிவப்பு மணியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அவரோடுதான் பார்க்க வேண்டும் என்று.

அங்கிள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். குட்டி பாலத்தின் நடுவுக்கு வந்ததும், விரலை வைத்து அவரே நிறுத்தினார்.

"இங்கதான்."

"மிச்சம் அங்கிள்?"

"வீட்டுக்கு வந்து பெரிய டிவில பாக்கலாம். கழுத எங்க ஓடிடப் போவுது?"

இன்று மதியம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த டிவிக்கு எதிரில்தான் பெட்டியை வைத்திருக்கிறார்கள்.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தக் கழுதக்குட்டி... கடைசில என்னதாம்மா ஆச்சு? அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நான் இன்னும் பார்க்கவில்லை.

"அம்மாகிட்ட போய்ச் சேந்துடுச்சு ஆன்ட்டி" என்றேன்.

போய் வாருங்கள், அங்கிள்.