உரச்சாக்கில் வைத்த கண்ணாடி

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆலத்தியூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அரியலூரிலிருந்து இரண்டடி உயரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். "படுக்கப் போட்டா விரிசல் விட்டுடும், நிக்க வச்சே கொண்டு போங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். பஸ்ஸில் வழி முழுக்க முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அதன் முன்னால் நின்றுதான் சவரம் செய்வார். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துப் பேசுவார்.

இரண்டு வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பெரம்பலூர் ஸ்டூடியோவுக்கு அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் போட்டோ என்று ஒன்று எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் முகம் விழுந்த பொருள் அந்தக் கண்ணாடி ஒன்றுதான். கண்ணாடியில் முகம் தங்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அது உடையக் கூடாது. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விக்கிரமங்கலத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். கண்டக்டர் கண்ணாடியை மேலே கேரியரில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரைப் போலவே முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டேன். ஊர் போய்ச் சேரும்வரை அழுகை வரவில்லை. சேர்ந்த பிறகும் வரவில்லை.

"தாலியறுத்தவளுக்குக் கண்ணாடி என்னாத்துக்கு?" என்று அண்ணி பக்கத்து வீட்டில் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் பிள்ளைகள் மூன்றும் சரியான வாலுகள். பந்து கிந்து பட்டுவிடக் கூடாதென்று, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைக்கோல் பரப்பிச் சுவரோரம் நிறுத்தி வைத்தேன். துணி சுற்றினால் போதாது என்று நான்கு உரச்சாக்கைச் சுற்றினேன். அண்ணன் வயலுக்கு வாங்கிய யூரியா வந்த சாக்குகள். வீட்டில் அதைவிடக் கெட்டியாக எதுவும் இல்லை.

ஏழு வருஷம் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடு மெழுகும்போது, சாக்கோடு சேர்த்து நான்கு மூலையையும் தடவிப் பார்ப்பேன். முழுசாக இருக்கும். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஜெயங்கொண்டத்தில் பால்வாடி ஆயா வேலை கிடைத்துத் தனியாகக் குடிபோன அன்றுதான் பிரித்தேன். ஒரு கீறல் இல்லை. என் முகமும் இல்லை. பின்பக்கத்து ரசமெல்லாம் உரிந்து சாக்கோடு போயிருந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

அரியலூர் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மோந்து பார்த்தார்.

"உரச்சாக்குலயா சுத்தி வச்சீங்க? உப்பு ரசத்தைத் தின்னுடுச்சும்மா. காஞ்ச துணியே போதுமே."

"திரும்ப ரசம் பூச முடியாதுங்களா?"

"இங்க முடியாதும்மா."

நான் நகரவில்லை. அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, வீணாக்காதீங்க. வீட்டுக்காரர் போட்டோ இருந்தா கொண்டாங்க. இதையே போட்டு பிரேம் பண்ணித் தரேன்."

"போட்டோ இல்லைங்க" என்றேன்.

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் அதை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். படுக்கப் போட்டால் விரிசல் விட்டுவிடும்.