நெல்லிக்குப்பத்தில் கேட்ட பகல் சங்கு

பிள்ளைகளா, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் கடிகாரம் கிடையாது. தேவையும் படவில்லை. ஷிப்டு மாறும்போது டவுன்ஷிப் முழுக்கக் கேட்கிற மாதிரி நிலக்கரி மைன்ஸ் சங்கு ஊதும். காலைச் சங்குக்கு முன்னாலேயே என் அப்பா, உங்கள் தாத்தா, சைக்கிளை எடுத்திருப்பார். பகலில் எங்கள் காதுக்கு ஒரே சங்குதான், இரண்டு மணிக்கு. அது ஊதினதும் என் அம்மா, உங்கள் ஆயா, குழம்பைச் சூடு பண்ணுவாள். தாத்தா வந்து கை கழுவ, தட்டு தயாராக இருக்கும். மணி என்ன என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை.

பத்தாவது முடித்ததும் கடலூரில் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு நேரில் வரச் சொன்னார்கள். பகல் இரண்டு மணிக்கு. பிந்தி வந்தால் இடம் இல்லை. அங்கே பிட்டர் தொழில் படித்தால் மைன்ஸில் பர்மனென்ட் ஆக வழி உண்டு, விட்டால் காண்ட்ராக்ட் கூலிதான் என்று தாத்தா சொல்லியிருந்தார்.

முந்தின நாளே நெல்லிக்குப்பத்தில் என் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கடலூர் கிட்டம். மறுநாள் வானம் மூடிக்கிடந்தது, வெயிலே இல்லை. சித்தி நேரத்தோடு சோறு போட்டாள். கொஞ்சம் படு, நானே எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். நான் அசந்து தூங்கிவிட்டேன்.

சங்குச் சத்தத்தில் விழித்தேன். பகல் சங்கு என்றால் இரண்டு மணி. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடி, புறப்பட்ட பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். டிக்கெட் போட வந்த கண்டக்டர், ஏன் தம்பி அழுகிறாய் என்று கேட்டார். கடலூரில் இரண்டு மணிக்கு இருக்க வேண்டியவன், இங்கேயே இரண்டு மணி ஆகிவிட்டது என்றேன். அவர் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார்.

“இப்பத்தான் பன்னெண்டு தாண்டுது. அது சக்கர ஆல சங்கு தம்பி.”

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்கும் ஒரு பகல் சங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாது. போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் மறுபடியும் போனது. மார்க் ஷீட் வைத்த பை சித்தி வீட்டுப் பாயிலேயே கிடந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப ஓடினேன். எதிரே சித்தி வந்தாள், ஈரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் என் பையோடு. நான் பஸ் ஏறினதை டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

“ஏன்டா, உங்க ஊரு சங்குதான் ஒலகத்துக்கே ஊதுதா? இத்தினி பேரு நின்னுகினு இருக்காங்க, ஒருத்தர ஒரு வார்த்த கேக்கக் கூடாது?”

அடுத்த பஸ்ஸில் அவளும் கூடவே ஏறினாள். வழியில் இன்னொரு சங்கு ஊதினால் நான் குதித்துவிடுவேனாம். கடலூரில் ஐ.டி.ஐ. வாசலில் வாட்ச்மேனைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. பிட்டரில் இடம் கிடைத்தது. மைன்ஸ் வேலையும், இந்த வீடும், நீங்களும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

நீங்கள் போனைப் பார்த்துவிட்டு ஒரே முடிவாக ஒன்றைச் சொல்லும்போது, “உங்க ஊரு சங்கா?” என்று நான் கேட்பது இதனால்தான். போனைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புது ஊரில் இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் இன்றைக்கும் கேட்கிறேன். இதுவரை ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை.