சாப்பாட்டு மணிக்குப் பார்த்த பள்ளிக்கூடங்கள்

அப்பா சமையலறை ஜலதாரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் கேபின் வேலை. உயரமான கேபினில் நின்று லீவர்களை இழுத்து, வருகிற வண்டியை எந்தத் தண்டவாளத்தில் விடுவது என்று பார்க்கிற வேலை. எங்களைப் போன்ற ரயில்வேக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் வந்ததும், சாமான் கட்டுவதற்கு முன்னால் ஒருவர் போய் குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். சும்மா தலையை நீட்டிப் பார்ப்பது இல்லை. சமையலறையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் புகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்க்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திண்டிவனம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"ஜலதாரைல தண்ணி தேங்கல. ஒழுகற எடம் எதுவும் இல்ல. கக்கூசு கதவுக்குத் தாப்பா மட்டும் இல்ல, போட்டுக்கலாம்."

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"பூட்டிக் கெடக்குது."

"சரி, பேச்சுத் துணைக்குச் செவுரு இருக்குது," என்றாள் அம்மா.

"அப்பா, இஸ்கூலப் பாத்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இஸ்கூலா? ரெண்டு இருக்குதும்மா."

"உள்ள போயி பாத்தீங்களா?"

"இஸ்கூல்ல இன்னா பாக்கறது? போர்டு இருக்கும், பெஞ்சு இருக்கும்."

வீட்டுக்குக் குடம் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுமில்லை! எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அப்பா இருப்பது பாதி நேரம், அம்மா இருப்பது முழு நேரம். பள்ளிக்கூடத்தில் இருக்கப்போவது நான் ஒருத்திதானே. நானே போய்ப் பார்த்தால்தான் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. "கூட்டிக்கினு போங்க உங்க இன்ஸ்பெக்டரம்மாவ. ஏம்மா, கொடத்த மறக்காத. ஹெட்மாஸ்டர் ரூம்புல கொட்டிப் பாரு, எந்தப் பக்கம் ஓடறாருன்னு தெரியும்."

நான் சிரிக்கவில்லை. என் சோதனைக்குக் குடம் தேவைப்படவில்லை. எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முண்டியம்பாக்கத்திலும் ஒலக்கூரிலும் படித்துவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்தவள் நான். புதுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஒரு கஷ்டமே இல்லை. இங்கே உட்கார் என்று டீச்சர் சொல்வார்; உட்காரலாம். கேள்வி கேட்பார், கை தூக்கலாம். நான் கை தூக்குவதில் கெட்டிக்காரி. பாதிக் கேள்வியிலேயே தூக்கிவிடுவேன். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தால் யாரும் யாருக்கும் இடம் சொல்வதில்லை. அவரவர் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் மட்டும் டிபன் பாக்ஸோடு நிற்பேன். முண்டியம்பாக்கத்தில் கை கழுவப் போகிற பெண் மாதிரி குழாய்க்குப் பின்னால் நின்றே சாப்பிட்டு முடித்திருக்கிறேன். திண்டிவனத்திலும் வெகுநாள் அப்படித்தான். ஒரு மழை நாளில் எல்லோரையும் ஒரே அறையில் நெருக்கி உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்தவள் வேறு வழியில்லாமல், "மாங்கா ஊறுகா வேணுமா?" என்றாள். அந்த ஊறுகாயில் தொடங்கியதுதான் என் கூட்டு. இப்போது அதையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே என் சோதனை இதுதான்: சாப்பாட்டு மணி நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லையோ, அது நல்ல பள்ளிக்கூடம்.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவின் ஓய்வு நாளில் பாசஞ்சரில் கிளம்பினோம். மயிலத்தில் ஏறிய ஓர் அம்மா வேகவைத்த மல்லாட்டை விற்றாள். அப்பா வாங்கித் தந்தார். கடலையை உரித்து உரித்து என் பாவாடையில் போட்டார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. விழுப்புரம் யார்டுக்குள் வண்டி ஊர்ந்து நுழைந்தபோது, ஓரத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் பெட்டி மட்டும் தனியாக நின்றது. அதன் சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

"ஏம்ப்பா அது மட்டும் ஒண்டியா நிக்குது?"

"அதுவா? சிக் வண்டி. வீல்ல ரிப்பேரு இருக்கும். கழட்டி வுட்டுட்டாங்க."

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. உடம்பு சரியில்லாத வண்டி! குழாய்க்குப் பின்னால் நின்று சாப்பிட்டபோது நான் யார் என்பதற்கு அதுவரை எனக்குப் பெயர் தெரியாமல் இருந்தது.

முதல் பள்ளிக்கூடத்தின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். கேட்டில் காக்கிச் சட்டைக்காரர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யாரப் பாக்கணும் சார்?"

"யாரையும் இல்லீங்க. இஸ்கூலப் பாக்கணும்," என்றார் அப்பா.

"இஸ்கூலயா?" அவர் திரும்பி ஒருமுறை கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதாங்க இஸ்கூலு. பாத்துக்கோங்க."

சரியாக மணி அடித்தது. பெண்கள் வெள்ளமாக வந்தார்கள். வந்தவர்கள் மரத்தடியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு நொடி யாரும் தயங்கவில்லை. மூடிகளில் பொரியல் கை மாறியது. ஒருத்தியின் குழம்பு சுற்றி வந்தது. ஒருத்தி எதற்கோ சிரிக்க, வட்டம் முழுக்கக் குலுங்கியது. நான் கேட்டுக் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு தேடினேன். குழாயடியில் யாரும் இல்லை. படிக்கட்டில் யாரும் இல்லை. கட்டடத்துப் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று காக்கிச் சட்டைக்காரரைப் பேஜார் பண்ணி, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஒரு கோழிதான் இருந்தது.

"நல்லா இருக்குதுப்பா," என்றேன் மூச்சிரைக்க.

"இன்னாத்த பாத்த?"

"எல்லாத்தையும்."

ரெண்டாவது பள்ளிக்கூடம் ஏரிக்கரைத் தெருவுக்கு அந்தண்டை. சின்னது, மஞ்சள் சுவர். அங்கே மணி சற்றுத் தாமதமாக அடிக்கும் போலிருந்தது. நாங்கள் போனபோதும் சாப்பாட்டு நேரம் முடியவில்லை. உள்ளே கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுச்சுவரை ஒட்டி நீளமாக ஒரு சிமெண்டு மேடை. அதன் கோடியில் ஒரு பெண், என் உயரம்தான் இருப்பாள், தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரெட்டைச் சடையில் ஒன்றில் மட்டும் ரிப்பன் இருந்தது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். அது எனக்குத் தெரிந்த வித்தை. சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது?

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வலது பக்கத்தில் வைத்திருந்த பையைச் சட்டென்று எடுத்து இடது பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

பையை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. நான் கேட்டுக்கு வெளியேதானே நிற்கிறேன்!

"வாங்கப்பா போலாம். இந்த இஸ்கூலு வாணாம்."

"ஏம்மா? உள்ளயே போவல."

"இங்க சிக் வண்டி நிக்குது."

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபினில் அப்பாவும் தனியாகத்தான் சாப்பிடுவார் என்பது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. "இது நம்ம குவார்ட்டர்சுக்குக் கிட்ட," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டேன்.

மே மாதம் சாமான் ஏற்றினோம். ஜூனில் தூங்குமூஞ்சி மரத்துப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் கணக்கில் கை தூக்கினேன், டீச்சர் "சபாஷ்" என்றார். எல்லாம் என் திட்டப்படியே நடந்தது, சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்.

மணி அடித்ததும் வெள்ளம் புறப்பட்டது; நானும் அதோடு போனேன். மரத்தடியில் கண் இமைப்பதற்குள் வட்டங்கள் மூடிக்கொண்டன. ஒரு வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன்.

"ஏ புதுசு, இன்னா வேணும்?"

"சாப்புடணும்."

"சாப்புடு. யாரு வாணான்னது?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னாள்: "எங்க கூட்டு ஒண்ணாவதுலேர்ந்து இருக்குதுடி. இன்னொருத்திக்கு எடம் இல்ல. அந்தக் கூட்டுல கேட்டுப் பாரு."

அந்தக் கூட்டிலும் ஒண்ணாவதிலிருந்துதான் இருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, தள்ளவில்லை, திட்டவில்லை. வட்டத்துக்கு வெளியே நிற்கிறவளுக்கு முதுகுகள்தான் தெரியும். அன்று கேட்டில் நின்று நான் அத்தனை ஆசையாகப் பார்த்ததும் முதுகுகளைத்தான். கட்டடத்துப் பின்பக்கம் போனேன். கோழி இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் கோழிக்கு நல்ல சாப்பாடு.

"இஸ்கூலு எப்பிடிம்மா?" என்று அப்பா தினமும் கேட்டார். "சூப்பர்ப்பா," என்றேன் தினமும். நானே பார்த்து, நானே பாஸ் பண்ணிய பள்ளிக்கூடம்; வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரு சாயங்காலம் கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கம் யார்டில் பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிற ஷன்டிங் நடந்துகொண்டிருந்தது. அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு இன்னும் பூட்டியேதான் இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கொஞ்ச நாளில் எல்லா எஞ்சின்களும் பழக்கமாகிவிட்டன. தனியாக நின்ற ஒரு கூட்ஸ் பெட்டியை நோக்கி ஒரு கரி எஞ்சின் பின்பக்கமாகவே மெல்ல வந்தது. டங்கென்று ஒரு சத்தம். கொக்கியை மாட்டினார்கள். பெட்டி எஞ்சினோடு கிளம்பிப் போய்விட்டது.

"சிக் வண்டிய ஏம்மா இஸ்துக்கினு போறாங்க?"

"யாரு சொன்னது சிக்குன்னு? நல்ல வண்டிதான். எஞ்சின் வரட்டும்னு நின்னுக்கினு இருந்துச்சு." அம்மா முந்தானையால் முகத்துக் கரித்தூளைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்டியா நின்னா சிக்குன்னா, நான்கூட சிக்குதான் இந்த ஊர்ல."

ஜோக் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள், என் சிரிப்பு முடிந்த பிறகு.

ஆனால் எனக்குள் ஏதோ டங்கென்று மாட்டிக்கொண்டது. பெட்டியாக இருந்தால் எஞ்சின் வரும்வரை நிற்க வேண்டியதுதான். ஆனால் நான் பெட்டி மட்டும்தானா? எஞ்சினாக இருந்தால் என்ன? என் பள்ளிக்கூடத்திலிருந்து ஏரிக்கரைத் தெருவைத் தாண்டினால் மஞ்சள் சுவர், உள்ளே அந்த ஒற்றை ரிப்பன் பெண். அங்கே மணி தாமதமாகத்தான் அடிக்கிறது. வீட்டுக்குச் சாப்பிடப் போகிற பெண்களைக் காக்கிச் சட்டைக்காரர் தடுப்பதில்லை. ஓடினால் போய்விடலாம், பாதிச் சாப்பாட்டு நேரமாவது மிஞ்சும்.

"அம்மா, நாளைக்கு உருளைக்கெழங்கு கொஞ்சம் அதிகமா வைக்கிறியா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. "கூட்டு சேந்துட்டியாடி?"

"ம்," என்றேன்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்தாயிற்று. கேட்டில் என்ன பொய் சொல்வது, எந்தச் சந்தில் திரும்புவது, முதல் பேச்சாக என்ன பேசுவது எல்லாம். முதல் பேச்சு ரிப்பனைப் பற்றி. ஒரே ஒரு பயம்தான் பாக்கி இருந்தது. என்னைப் பார்த்ததும் அன்றைக்குப் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாளே, நாளைக்கும் அப்படிச் செய்தால்? பையை எடுத்த இடத்தில், அவள் வலது பக்கத்தில், மேடையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறுமையாக இருந்ததே. அது எனக்காகத்தான் என்று அப்போதும் எனக்குத் தோன்றவே இல்லை.

பாவாடைக்குச் சேஃப்டி பின் குத்தி, செருப்பு வாரை இழுத்துச் சரிபார்த்து வைத்தேன். நாளைக்கு மணி அடித்ததும் நிற்காமல் ஓட வேண்டும்.